அம்பாசிடர் சீரமைப்பு: எந்த மரைக்கு எதைப் பூசுவது?

பாளை மார்க்-2 எழுதியது:

வணக்கம். 1972ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 ஒன்றை முழுவதும் பிரித்து, இப்போது திரும்பப் பூட்டத் தொடங்கியிருக்கிறேன். வண்டி நெடுங்காலம் திருச்செந்தூரில் கடலுக்கு அருகே ஒரு கொட்டகையில் நின்றதால், அடிப்பாகத்துப் போல்ட்டுகளில் பல ஸ்பானர் வைத்ததுமே தலை முறிந்து வந்தன. அடுத்த முறை கழற்றுபவர் அவ்வாறு பாடுபடக் கூடாது என்பதே என் கவலை. பட்டறை அண்ணாச்சி எல்லா மரையிலும் (போல்ட்டு, நட்டின் திருகு வரியிலும்) கிரீஸ் தடவினால் போதும் என்கிறார். வண்ணார்பேட்டையில் உதிரிபாகம் விற்பவரோ, மரை தளராமல் ஒட்டிப் பிடிக்கும் திரவமான லாக்டைட்டில் சிவப்பு வகையை எல்லாவற்றுக்கும் போடச் சொல்கிறார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி), தெர்மோஸ்டாட் (குளிர்விக்கும் நீரின் வெப்பத்தைச் சீராக்கும் வால்வு) மூடி, சக்கர நட்டு ஆகிய இடங்களில் எதைப் பூசுவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பேட்டை லேத் எழுதியது:

அண்ணாச்சி, இருவர் சொன்னதும் சில இடங்களுக்குப் பொருந்தும். வண்டி முழுவதற்கும் பொருந்தாது. எந்த உலோகத்துக்குள் எந்த உலோகம் போகிறது, அந்த இடம் எவ்வளவு சூடாகிறது என்பதைப் பார்த்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும்.

மேனிஃபோல்டில் சாதாரண கிரீஸ் சில நாளிலேயே கருகி, கரியாகி, மரையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அங்கே செம்புத்தூள் கலந்த ஆன்டி-சீஸ் பசைதான், அதாவது மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசைதான் நிற்கும். ஸ்டட்டில் (தலையில்லாத போல்ட்டில்) இரும்பு நட்டுக்குப் பதில் பித்தளை நட்டு போட்டால் வருங்காலத்தில் கழற்றுவது மேலும் எளிது.

தெர்மோஸ்டாட் மூடி வேறு கதை. வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்டில் நிற்கும் இரும்பு ஸ்டட்டுகள் அலுமினிய மூடியின் துளைகள் வழியாக மேலே வருகின்றன. அந்த இடுக்கில் தண்ணீர் கசிந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பொரிந்து, ஸ்டட்டைச் சுற்றி கெட்டித்துவிடும். நட்டைக் கழற்றிய பிறகும் மூடி அசையாமல் நிற்பதற்கு அந்தப் பொடியே காரணம். ஆகவே மரையில் மட்டுமல்லாமல், துளைக்குள் நிற்கும் வழவழப்பான தண்டிலும் பசையை மெல்லியதாகப் பூசுங்கள்.

லாக்டைட் காற்று படாத இடத்தில், உலோகத்தோடு ஒட்டியிருக்கும்போதே கெட்டிப்படும். அதனால் மரையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டே விட வேண்டும். மறுபடி கழற்ற வேண்டிய இடத்துக்கு நீலம் போதும். சிவப்பைக் கழற்ற அந்த இடத்தைச் சுமார் 250 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியில் அந்த வேலையை யார் செய்வது? நட்டு சுழலாமல் தடுக்க ஸ்பிளிட் பின்னோ மடக்கு வாஷரோ வைத்துத் தயாரித்த இடத்தில் அவற்றையே புதிதாகப் போடுங்கள். லாக்டைட் அவற்றுக்கு ஈடாகாது.

உவரிக் கரை எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்கள் பக்கம் உப்புக்காற்றில், செம்புப் பசையை அலுமினியத்தில் தடவினால் இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு தொடங்கும். எனவே தெர்மோஸ்டாட் மூடிக்கு அலுமினியத்தூளோ நிக்கலோ கலந்த பசையை வாங்குங்கள். அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட்டு போடலாம் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். ஏ2-70 என்னும் துருப்பிடிக்காத வகை ஸ்டீலின் இழுவலிமை 700 மெகாபாஸ்கல், 8.8 என்னும் வலிமைத் தரத்துச் சாதாரண ஸ்டீல் போல்ட்டுக்கோ 800. ஆகவே சஸ்பென்ஷனிலும் பிரேக்கிலும் அதை நான் ஏற்க மாட்டேன். மேலும் ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் பசையில்லாமல் இறுக்கினால் மரையோடு மரை உரசி ஒட்டிக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பழைய போல்ட்டுகளையே ஜிங்க் பிளேட்டிங் (துத்தநாக முலாம்) போட்டுப் பயன்படுத்துவதே என் விருப்பம். ஆனால் 10.9 மற்றும் அதற்கு மேற்பட்ட தரப் போல்ட்டுகளை மின்முலாம் பூசினால், உள்ளே புகும் ஹைட்ரஜனால் அவை பின்னர் திடீரென முறியக்கூடும். பூசிய கையோடு 200 டிகிரி அளவில் சில மணி நேரம் சூடாக்கித் தருகிறார்களா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

சக்கர ஸ்டட்டுகளில் நான் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது வழக்கம்.

பேட்டை லேத் எழுதியது:

அந்த ஒரு சொட்டைத்தான் நான் மறுக்கிறேன், அண்ணாச்சி. இறுக்கும் விசையில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் பயன்படுகிறது. மீதம் தலைக்கடியிலும் மரையிலும் உரசலில் போய்விடுகிறது. வழவழப்பைக் கூட்டினால், டார்க் ரெஞ்சு (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) அதே எண்ணைக் காட்டும்போதே போல்ட்டு கூடுதலாக இழுபட்டுவிடும். பொதுவாக ஆன்டி-சீஸ் பூசினால் 20 முதல் 30 சதவீதம் குறைத்து இறுக்குவார்கள். கையேட்டில் 40 அடி-பவுண்டு என்று இருந்தால் சுமார் 30தான். சக்கரத்திலோ நட்டின் கூம்பு முனை உட்காரும் இடத்து உரசல்தான் நட்டைத் தளராமல் பிடிக்கிறது. அங்கே எண்ணெய் வழிந்தால் ஸ்டட்டு நீண்டுபோகும். வயர் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த நிலையிலேயே இறுக்குவது நல்லது.

பாளை மார்க்-2 எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சக்கரத்தை உலர்ந்த நிலையிலேயே பூட்டுகிறேன். சிலிண்டர் ஹெட் ஸ்டட்டுகள் ஏறும் துளைகளின் உள்மரையில் துரு ஏறியிருக்கிறது. டேப் (உள்மரை வெட்டும் கருவி) அடித்துச் சுத்தம் செய்யலாமா?

பேட்டை லேத் எழுதியது:

வெட்டும் டேப் வேண்டாம். அது தேய்ந்த மரையிலிருந்து இன்னும் கொஞ்சம் உலோகத்தைச் சீவிவிடும். மரையைத் துடைத்துச் சீராக்க மட்டும் பயன்படும் சேஸர் கிடைக்கிறது, அதைக் கேளுங்கள். அளவிலும் கவனம் வேண்டும். உங்கள் வண்டியில் பெரும்பாலும் யு.என்.எஃப். எனப்படும் அங்குல அளவு நெருக்க மரைதான். 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர் என்பதால் கடைக்காரர் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து நீட்டுவார். அதுவும் இரண்டு சுற்று கையாலேயே ஏறும். மூன்றாவது சுற்றில் ஸ்பானர் போட்டால் உள்மரை போய்விடும்.