டெர்மினலில் தமிழ் நேராகத் தெரிய வழி சொல்லுங்க

வணக்கமுங்க. ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் கணக்கு எழுதுகிறேன். 2 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். டெபியன் லினக்ஸ் போட்டு டிடபிள்யூஎம் (ஜன்னல்களை அடுக்குவது), எஸ்டி டெர்மினல் (கட்டளை அடிக்கும் ஜன்னல்), விம் (எழுதும் எடிட்டர்) மட்டும் வைத்திருக்கிறேன், சும்மா பறக்கிறது. கணக்கு வெறும் டெக்ஸ்ட் ஃபைல்: ஊர், மூட்டை, குவிண்டால், விலை. கூட்டிக் கொடுப்பது ஆக் (awk) என்ற சின்ன நிரல்மொழி. 1977-இல் பெல் லேப்ஸில் பிறந்தது, இன்னும் என் மானத்தைக் காப்பாற்றுகிறது.

சிக்கல் தமிழில்தான். எஸ்டியில் ‘பெருந்துறை’ என்று அடித்தால் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம், ஆக்கின் அச்சிடும் கட்டளையான பிரிண்ட்எஃப்பில் ஊர்ப்பெயருக்கு 20 இடம் ஒதுக்கினால், அடுத்த பத்தி நேர்க்கோட்டில் நிற்காமல் கோணல். என்னிடம் உள்ள எம்ஆக் என்ற ஆக் வகை, எழுத்தை விட்டுவிட்டு பைட்டை எண்ணுகிறது. தமிழைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘ப’ ஒன்றே 3 பைட். சரி என்று ஜிஆக் என்ற இன்னொரு வகையைப் போட்டேன். அது கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி, 5 எழுத்துப் பெருந்துறையை 10 என்கிறது!

எம்எல்டெர்ம் என்ற இன்னொரு டெர்மினலில் யாராவது தினமும் தமிழ் எழுதுறீங்களா? விம்மில் கர்சர் ஒழுங்காக நிற்கிறதா? எழுத்தை எழுத்தாக எண்ணும் சின்ன ஸ்கிரிப்ட் இருந்தாலும் கொடுங்க. லிப்ரே ஆபீஸுக்குப் போகச் சொல்லிப்போடாதீங்க, என் லேப்டாப்பில் அது திறப்பதற்குள் ஏலமே முடிஞ்சுபோயிருமுங்க.