குதிரை ட்ரெட்மில்: பெல்ட் கழன்றால் வேகத்தை எப்படிப் பிடிப்பது?

ஒஹாயோக்காரன்:

வணக்கம். நான் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோவில், ஹோம்ஸ் கவுண்டி பக்கம். சுற்றிலும் ஆமிஷ் குடும்பங்கள். மின்கம்பியை வீட்டுக்குள் விடாதவர்கள், ஆனால் இயந்திர வேலையில் கெட்டிக்காரர்கள். அவர்களில் சிலர் இன்றும் குதிரை ட்ரெட்மில் வைத்து வேலை வாங்குகிறார்கள். ஜிம்மில் உள்ளது போல மோட்டார் பட்டையை ஓட்ட, மேலே ஆள் ஓடும் சமாச்சாரம் இல்லை இது. சரிவாக வைத்த மரப்பலகைப் பட்டையில் குதிரை ஏறி நடக்கும், நடக்க நடக்கப் பட்டை பின்னால் இறங்கி முனையில் உள்ள உருளையைச் சுற்றும், அங்கிருந்து பெல்ட் போட்டு விறகு ரம்பம், தண்ணீர் பம்பு, தீவன வெட்டி என்று எதை வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம்.

ஏலத்தில் பழைய ஒற்றைக் குதிரை ட்ரெட்மில் ஒன்று கிடைத்தது. சட்டமும் பலகைகளும் நன்றாக இருக்கின்றன. ஃப்ளைவீலை (வேகத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரம்) அழுத்திப் பிடிக்க நீளக் கைப்பிடியோடு ஒரு மரக்கட்டை பிரேக் இருக்கிறது. கவர்னர், அதாவது வேகம் அளவு மீறாமல் தானே பிடிக்கும் கருவி, இருந்த இடத்தில் வெறும் போல்ட் துளைகள்தான். என்னிடம் இருப்பது ஹாஃப்லிங்கர் குதிரை, ஏறக்குறைய 500 கிலோ, ரொம்ப சாது. தீவன வெட்டியை ஓட்ட ஆசை.

பக்கத்துப் பண்ணைப் பெரியவர் "கவர்னர் இல்லாமல் குதிரையை ஏற்றாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், ஏன் என்று சொல்லவில்லை. கை பிரேக் போதாதா? இல்லையென்றால் தீவன வெட்டியின் ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) ஒரு டிஸ்க் பிரேக் பொருத்தலாம் என்று யோசிக்கிறேன். அதோடு இன்னொரு சந்தேகம், வேகம் கூடினால் குதிரையே நின்றுவிடாதா?

---

மோட்டார்பித்தன்:

1 எச்.பி. மோட்டார் வாங்கிப் போடுங்க சார். புல்லும் வேண்டாம், லாடமும் வேண்டாம் :)

---

கியர்மணி:

மோட்டார் ஐடியாவை அவர் கேட்கவில்லையே, விடுங்கள்.

ஒஹாயோக்காரன், உங்கள் கடைசிச் சந்தேகத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. குதிரை நிற்க முடியாது. செக்கு சுற்றும் மாட்டையோ, வட்டமாகச் சுற்றிவரும் குதிரையையோ எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே விலங்கு இழுத்தால்தான் இயந்திரம் ஓடும், நின்றால் அதுவும் நின்றுவிடும். சரிவு ட்ரெட்மில்லில் இயந்திரத்தை ஓட்டுவது குதிரையின் எடை, அதன் விருப்பம் அல்ல. பூட்டிய கழுத்துப்பட்டைகூட அங்கே கிடையாது. குதிரை சும்மா நின்றாலும் எடை பட்டையைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், பின்னால் உள்ள குறுக்குக் கட்டையில் போய் இடிக்கும் வரை அது சறுக்கும், இடித்த பிறகும் காலடியில் பட்டை ஓடிக்கொண்டிருக்கும், அதனால் நடந்தே ஆக வேண்டும்.

கணக்காகப் பார்ப்போம். சரிவு 6-க்கு 1 என்று வைத்தால், 500 கிலோ குதிரை பட்டையைத் தள்ளும் விசை சுமார் 82 கிலோ. ட்ரெட்மில்லில் குதிரையின் சாதாரண நடையை மணிக்கு 3.2 கிலோமீட்டர் என்று வைப்போம், அதாவது விநாடிக்கு 0.9 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 1 குதிரைத்திறன் வந்து நிற்கிறது (746 வாட், ஜேம்ஸ் வாட் போட்ட கணக்கு). உருளை, பேரிங் உராய்வுக்கு 20 கிலோ போனாலும் 60 கிலோ மிச்சம். தீவன வெட்டி ஓடும்போது இந்த 60-ஐ அது தின்கிறது, அதனால் வேகம் நிலையாக இருக்கிறது. வைக்கோல் தீர்ந்தாலோ பெல்ட் கழன்றாலோ 60 கிலோவைத் தாங்க ஆள் இல்லை. பட்டையும் உருளைகளும் சேர்ந்து 400 கிலோ என்று வைத்தால், ஃப்ளைவீல் இல்லாத பட்சத்தில் முக்கால் விநாடிக்குள் வேகம் இரட்டிப்பாகும். நீங்கள் தும்மி முடிப்பதற்குள் குதிரை ஓட்டமெடுக்கும்.

ஃப்ளைவீலின் மதிப்பு இங்கேதான். 1 மீட்டர் விட்டம், விளிம்பில் 60 கிலோ, நிமிடத்துக்கு 130 சுற்று என்று கொண்டால் அதே இரட்டிப்புக்கு ஐந்தாறு விநாடி ஆகும். பக்கத்தில் நிற்பவர் பிரேக்கைப் பிடிக்க அது போதும், தீவனம் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நிற்பவருக்குப் போதாது. நீங்கள் தனியாள் என்றால் கை பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

டிஸ்க் பிரேக் விஷயம்: அதைத் தீவன வெட்டியில் போட்டுப் பயனில்லை. பெல்ட் கழலும் நேரத்தில்தான் பிரேக் தேவை, அப்போது அந்த பிரேக் பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருக்கும். பிரேக்கோ கவர்னரோ எதுவானாலும் ட்ரெட்மில்லின் சொந்த ஷாஃப்டில், கழலக்கூடிய பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

---

பழைய இரும்பு:

கியர்மணி சொன்னதற்கு வரலாறும் சாட்சி. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் இந்த ட்ரெட்மில்களைச் செய்த கம்பெனிகள் நிறைய. பென்சில்வேனியாவின் லான்ஸ்டேலில் இருந்த ஹீப்னர் கம்பெனி தன் விளம்பரங்களிலேயே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு என்று போட்டுத்தான் விற்றது. அதன் பலகைகள் படி போல அமைந்து, சரிவிலும் குளம்பு சமதளத்தில் நிற்கும். வாங்குகிறவர்களுக்கு என்ன பயம் இருந்தது என்று அதிலேயே தெரிகிறது.

1829-இல் இங்கிலாந்தின் ரெயின்ஹில்லில் நடந்த ரயில் எஞ்சின் போட்டியில் ஸ்டீவன்சனின் ராக்கெட் ஜெயித்தது எல்லோருக்கும் தெரியும். அதே போட்டிக்கு பிராண்ட்ரெத் என்பவர் குதிரையை ட்ரெட்மில் மேல் ஏற்றி ஒரு வண்டி கொண்டுவந்தார், பெயர் சைக்ளோபெட். நீராவிக்கு முன்னால் அது எடுபடவில்லை, குதிரை தளத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போனது என்றும் ஒரு கதை உண்டு. பலகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், பழைய மரத்தை நம்ப முடியாது.

வேகக் கட்டுப்பாட்டுக்கு வேறொரு வழியும் இருந்தது. வில்லியம் கியூபிட் 1818 வாக்கில் ஆங்கிலேயச் சிறைகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம். கைதிகள் படி ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். மாவு அரைக்கவோ தண்ணீர் இறைக்கவோ வேலை இல்லாத இடங்களில் பெரிய காற்றாடி இறக்கைகளை மாட்டிவிட்டார்கள், காற்றுதான் தடை. வேகம் கூடினால் காற்றின் தடை அதைவிட வேகமாகக் கூடும், அதனால் சக்கரத்தின் வேகம் தானே ஒரு அளவில் நின்றுகொள்ளும். கைதிகளுக்கு அது வெட்டி வேலை, 1898 சட்டத்தோடு ஒழிந்தது, நல்லதுதான். ஆனால் கருத்து எளிமையானது, தேயும் பாகம் கிடையாது. ஒஹாயோக்காரனுக்கு அது ஆகுமா?

இன்னொன்று, கியர்மணி சொன்ன அந்த "நின்றால் நிற்கும்" ரகமும் அமெரிக்காவில் இருந்தது. வெர்மான்ட்டின் சாம்ப்ளேன் ஏரியில் மூழ்கிக் கிடந்த குதிரைப் படகு 1983-இல் கிடைத்தது. அதில் படுக்கைவாட்டில் ஒரு பெரிய வட்டு, குதிரைகள் பூட்டப்பட்டு நின்ற இடத்திலேயே நடந்தால் வட்டு காலடியில் சுற்றும். சரிவே இல்லை.

---

கியர்மணி:

காற்றாடி அழகான யோசனை, ஆனால் இவருக்கு ஒத்துவராது. காற்றாடி தின்னும் சக்தி வேகத்தின் மூன்றடுக்கில் கூடும், அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. சாதாரண நடையைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் குதிரையைப் பிடித்து நிறுத்தும் அளவு காற்றாடி போட்டால், சாதாரண நடையிலேயே கிட்டத்தட்ட பாதி சக்தியை அது தின்றுவிடும். தீவன வெட்டிக்கு மிச்சம் என்ன? சிறையில் வெட்டி வேலை என்பதால் சரியாக இருந்தது.

மையவிலக்கு கவர்னர்தான் வழி. இரண்டு எடைக்கட்டைகள், ஸ்பிரிங் உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும், வேகம் ஒரு அளவைத் தாண்டினால் எடைகள் வெளியே விரிந்து அவற்றிலுள்ள பிரேக் ஷூ டிரம்மின் உள்விளிம்பில் உரசும். சாதாரண வேகத்தில் உரசாது, அதனால் சக்தி வீணாகாது. இதைச் செய்யும்போது பலர் கோட்டை விடுவது ஷாஃப்ட் தேர்வில். நிமிடத்துக்கு 130 சுற்றில் 3 கிலோ எடை, 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தாலும் 17 கிலோ இழுப்புதான் வரும், அதிலும் பெரும்பகுதி ஸ்பிரிங்கை வெல்லவே போய்விடும். அதே எடையை மூன்று மடங்கு வேகமாகச் சுற்றினால் இழுப்பு ஒன்பது மடங்கு. ஆகவே கியரோ செயினோ போட்டு 400 சுற்று வரும் துணை ஷாஃப்ட் ஒன்று வைத்து அதில் கவர்னரை மாட்டுங்கள், தூரத்தைப் பாதியாகக் குறைத்தாலும் போதுமான பிடி கிடைக்கும். மறுபடியும் சொல்கிறேன், அந்தத் துணை ஷாஃப்டைத் தட்டை பெல்ட்டில் ஓட்டாதீர்கள்.

சூட்டையும் யோசிக்க வேண்டும். பெல்ட் கழன்ற பிறகு குதிரையை இறக்கும் வரை கவர்னர் 500, 600 வாட்டை உராய்ந்தே தீர்க்க வேண்டும், ஒரு இஸ்திரிப்பெட்டியின் சூடு. சின்ன டிரம் என்றால் காய்ந்து பிடி நழுவும். கவர்னர் வேகத்தை நிறுத்தாது, கட்டுக்குள் வைக்கும், அவ்வளவுதான். நிறுத்துவது கை பிரேக்கின் வேலை.

---

லாயம்:

இயந்திரக் கணக்கு எனக்கு எட்டாது, குதிரைப் பக்கத்தைச் சொல்கிறேன். நான் நியூயார்க் மாநிலத்தில் குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிறவன்.

சாதுவான குதிரை என்பது தரையில் சாது. காலடியில் தரை நகர்ந்தால் எந்தக் குதிரைக்கும் முதல் எண்ணம் ஓடு என்பதுதான், இந்த இயந்திரத்தில் ஓடினாலும் அதன் பயம் குறையாது, உடம்பு பக்கச்சட்டத்தில் மோதும். முதலில் பட்டையைப் பூட்டி வைத்து வெறுமனே ஏற்றி இறக்குங்கள், மேலேயே கொஞ்சம் தீனி வையுங்கள். பல நாள் அது மட்டும்தான். பிறகு முன்பக்கத்தைத் தாழ்த்தி, சரிவு மிகக் குறைவாக, பட்டை மெல்ல நகரும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தளர்த்தி ஒருவர் தலைப்பக்கம், ஒருவர் பிரேக்கில். தலைக்கயிற்றை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

6-க்கு 1 சரிவு எனக்குப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க வேலை செய்யும் குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு இழுத்தால் போதும் என்பதுதான் பழைய அளவு. 6-க்கு 1 என்றால் அதைவிட ரொம்ப அதிகம். 10-க்கு 1-இல் ஆரம்பியுங்கள். மூச்சு வாங்கினால் இறக்குங்கள், குதிரை தானாக நிற்க முடியாத இயந்திரம் அது என்று கியர்மணிதான் சொல்லிவிட்டாரே.

---

கமலைக்கிணறு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எடையை வைத்து வேலை வாங்குவது என்றதும் கமலை ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் மாடுகள் கிணற்று மேட்டிலிருந்து சரிவில் இறங்கி வரும், இறங்கும் எடைதான் சால் என்ற தண்ணீர்ப் பாத்திரத்தை மேலே தூக்கும், போதாததற்கு ஓட்டுகிறவர் வடத்தில் உட்கார்ந்து தன் எடையையும் சேர்ப்பார். வடம் அறுந்தால் மாடு குப்புறப் போகும் என்பார் தாத்தா. ஆனால் சரிவு முடிந்ததும் மாடு நிற்க இடம் இருந்தது. முடிவே இல்லாத சரிவு என்று யோசித்தால் இந்தப் பெரியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிகிறது.

---

ஒஹாயோக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. சரிவை 10-க்கு 1 ஆக்குகிறேன், அப்படியென்றால் சக்தி அரைக் குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் மேலே, சின்ன தீவன வெட்டிக்குப் போதும். இரண்டு கேள்வி பாக்கி. கை பிரேக்கை எப்படி மாற்றினால் தனியாளுக்குப் பத்திரம்? தட்டை பெல்ட்டுக்குப் பதில் வி-பெல்ட் போட்டால் கழலவே கழலாதே, அது நல்லதுதானே?

---

கியர்மணி:

வி-பெல்ட் வேண்டாம். தட்டை பெல்ட் வழுக்குவதும் கழல்வதும் ஒரு வகையில் ஃபியூஸ். தீவன வெட்டியில் கட்டை மாட்டிக்கொண்டு சட்டென்று நின்றால், வி-பெல்ட்டில் பட்டையும் அதே நொடியில் நிற்கும், நடந்துகொண்டிருந்த குதிரை முன்கட்டையில் நெஞ்சை மோதும். தட்டை பெல்ட் என்றால் வழுக்கும், கழலும், பிறகு வேகத்தைக் கவர்னர் பார்த்துக்கொள்ளும்.

கை பிரேக்கைத் தலைகீழாக மாற்றுங்கள். கைப்பிடியில் ஒரு கனத்தைத் தொங்கவிட்டு, சும்மா விட்டால் பிரேக் பிடித்திருக்கும்படி செய்யுங்கள். ஓட்டும்போது கயிற்றால் கனத்தைத் தூக்கி, அந்தக் கயிற்றை ஒரு கப்பி வழியாக நீங்கள் தீவனம் தள்ளும் இடத்துக்குக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டுங்கள். தட்டிவிட்டால் பிரேக் விழும். கயிறு அறுந்தாலும் பிரேக் விழும். 6-க்கு 1 சரிவிலேயே 500 கிலோ குதிரையை நிறுத்தி வைக்க ஃப்ளைவீல் விளிம்பில் 11 கிலோ தடை போதும், மரக்கட்டையின் உராய்வுக்கு அதை 36 கிலோவாக அழுத்த வேண்டும், கைப்பிடி ஆறு மடங்கு நெம்பினால் 6 கிலோ கனம். ஓடுவதை நிறுத்த அதைவிட வேண்டும், ஆகவே 15 கிலோ தொங்கவிடுங்கள், மெதுவாக விழும்படி. விளிம்பில் எண்ணெய் பட்டால் இந்தக் கணக்கெல்லாம் பொய்.

அப்புறம், ஃப்ளைவீலுக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள கியரில் பல் உடைந்தால் இந்த பிரேக்கும் கவர்னரும் சேர்ந்தே போய்விடும். குதிரையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பட்டை உருளையையே நேராகப் பூட்ட ஒரு தடித்த இரும்பு முளை (பின்) வையுங்கள். ஓடும்போது மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், முளை தாங்காது, இல்லையென்றால் குதிரை தாங்காது.

---

லாயம்:

கவர்னரைக் குதிரை இல்லாமல் எப்படிச் சோதிப்பீர்கள்? பட்டை மேல் மணல் மூட்டை வைத்தால் அது கீழே போய் விழுந்துவிடுமே.

---

கியர்மணி:

ஃப்ளைவீல் விளிம்பில் ஒரு கயிற்றைப் பல சுற்று சுற்றி, கயிற்றின் நுனியை விளிம்பில் கட்டாமல் விட்டு, மறுமுனையைப் பரணில் மாட்டிய கப்பி வழியாகக் கொண்டுபோய் அதில் கனம் கட்டி விடுங்கள். கனம் இறங்க இறங்க வேகம் கூடும், கயிறு தீர்ந்ததும் தானே கழன்றுவிடும். எந்தச் சுற்றில் ஷூ உரச ஆரம்பிக்கிறது என்று ஃபோன் வீடியோவில் எண்ணிப் பார்க்கலாம், விளிம்பில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும். சாதாரண நடைக்குக் கால் பங்கு மேலே பிடிக்கும்படி ஸ்பிரிங்கை முறுக்குங்கள். கனம் விழும் இடத்தில் யாரும் நிற்கக் கூடாது.