ஓய்வுக்குப் பின் எனக்குப் பொருந்தும் தொண்டு எது?

கேள்வி (ஒட்டுசுட்டான்): பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுநராக இருந்து ஓய்வு பெற்றுள்ளேன். கிழமையில் இரண்டு பிற்பகல்களை ஊருக்குக் கொடுக்க விரும்புகிறேன். ஆனால், மேடையில் பேசுவதும் வெயிலில் நெடுநேரம் நிற்பதும் எனக்கு இயலாதவை. எதில் தொடங்கலாம்?

பதில் (கிளிநொச்சி): ஐயா, உங்கள் கைப்பழக்கம் எங்கே தேவைப்படுகிறது என்று முதலில் பாருங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் தமக்குள் சுழற்சிக் கடன் (ஒருவர் திருப்பிக் கட்டும் பணத்தை அடுத்தவருக்குக் கொடுக்கும் கடன்) வழங்குகின்றன. அவற்றின் ஐந்தொகையை (சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கை) சரிபார்த்து, பொருளாளராக இருக்கும் இளம்பெண்ணுக்குப் பேரேடு எழுதப் பழக்கினால், நீங்கள் வர இயலாத நாளிலும் அந்த வேலை நடக்கும். பதவி எதையும் ஏற்க வேண்டாம்; பதவியோடு ஊர்ப் பிணக்குகளும் சேர்ந்தே வரும்.

பதில் (மாங்குளம்): சனசமூக நிலையத்தில் சாதாரண தர மாணவர் ஓரிருவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பதும் உங்களுக்கு ஏற்றது.

பதில் (புதுக்குடியிருப்பு): 2009ஆம் ஆண்டுப் போரில் பிறப்புச் சான்றிதழையும் காணி அனுமதிப்பத்திரத்தையும் இழந்து, விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் பிரதேச செயலகத்துக்கு அலையும் முதியோருக்கு, பொறுமையாகக் கேட்டு எழுதித் தரும் ஒருவரே பெருந்துணை. எந்தெந்த நாட்களில் வருவீர்கள் என்பதைக் கிராம அலுவலரிடம் சொல்லிவையுங்கள். தேவைப்படுவோரை அவர் அனுப்பிவைப்பார். ஒரு மாதம் செய்து பார்த்த பின் தொடர்வதா என்று முடிவெடுக்கலாம்.