ஊடுபயிராக நிலக்கடலை: தழைச்சத்து மரத்துக்கா, மூட்டைக்கா?

மண்வெட்டி:
"மா வரிசைக்கு நடுவில் கடலை போட்டால் போதும், மரத்துக்குத் தழைச்சத்தே (நைட்ரஜன்) வைக்க வேண்டாம்" என்று பச்சையிலை இன்னொரு இழையில் எழுதியிருக்கிறார். நாலு பேர் ஆகா ஓகோ என்கிறார்கள். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கடலையைப் பிடுங்கினால் வேரோடு வரும், காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கிற வேர்முடிச்சும் கூடவே வரும். காய் மூட்டைக்குப் போகிறது, கொடி மாட்டுக்குப் போகிறது. மரத்துக்கு என்ன மிச்சம்?

பச்சையிலை:
பயறுவகை காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணில் சேர்க்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கடலை போட்ட பிறகு என் மரங்கள் கரும்பச்சையாக நிற்கின்றன. கண்ணால் பார்த்ததை எழுதினேன், உங்களுக்கு ஏன் எரிகிறது?

மண்வெட்டி:
காற்றிலிருந்து எடுப்பது சரி. மண்ணில் எங்கே சேர்க்கிறது? முடிச்சில் பிடித்தது செடிக்குள் போகிறது, காய் பிடிக்கும்போது பருப்புக்கு ஏறுகிறது. ஒரு டன் பருப்பு வெளியேறினால் ஏறக்குறைய 45 கிலோ தழைச்சத்து வெளியேறுகிறது. 100 கிலோ யூரியாவில் இருப்பதே 46 கிலோதான். கொடியையும் அள்ளினால் மண்ணுக்குக் கடன்தான் மிஞ்சும். பூக்கும் பருவத்தில் ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காய் முற்றும்போது கீறினால் பச்சையோ பழுப்போ ஆகியிருக்கும். அது வேலை முடிந்த முடிச்சு.

கரிசல்:
தழைச்சத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ், என்ன ஆச்சு? மக்காச்சோளம் போட்டுத் தட்டையையும் ஏற்றி அனுப்பினால் பொட்டாஷில் பெரும்பங்கு அந்தத் தட்டையோடு போய்விடும். காய்க்கிற மரத்துக்கு அதுதானே முக்கியம்?

மண்வெட்டி:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி ஒன்றுதான்: கொடி தோட்டத்தில் கிடக்கிறதா, வெளியே போகிறதா?

பச்சையிலை:
மாட்டுக்குப் போட்டு எருவாகத் திருப்பிக் கொண்டுவருகிறேன். போதுமா?

மண்வெட்டி:
போதாது. மாடு தின்ற தழைச்சத்தில் நிறைய மூத்திரத்தில்தான் போகிறது. அதைப் பிடித்து வைக்கிறீர்களா? சாணியும் வெயிலில் காய்ந்து கிடந்தால் அம்மோனியாவாகப் பறந்துவிடும். கொடியில் போனது அப்படியே திரும்பி வராது.

சின்னவேர்:
ஐயா, ஒரு சந்தேகம். தட்டைப்பயறைக் காய்க்க விடாமல் மடக்கி உழுதால் மரத்துக்குக் கிடைக்குமா?

மண்வெட்டி:
கிடைக்கும் தம்பி. பூக்கும் சமயத்தில் மடக்கினால் அது பசுந்தாள் உரம், கணக்கே வேறு. ஆனால் மரத்தருகே கலப்பையை ஆழமாக இறக்காதீர்கள். சத்தை உறிஞ்சுகிற சல்லிவேர் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கிறது.

உழவோட்டி:
வந்துவிட்டார் உழவுக்கு எதிரி! போன வருடம் இதே பேச்சில் என்னை "டிராக்டர் பைத்தியம்" என்று எழுதியவர் இவர். நான் மறக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே ஆழமாக உழுது பழக்கினால் வேர் கீழே இறங்கும். இவர் மரத்தை வேரோடு தோண்டிப் பார்த்திருக்கிறாரா?

மண்வெட்டி:
பார்த்திருக்கிறேன். ஆழமாக உழுத வரிசையில் விரல் கனத்து வேர்கள் அறுந்து கிடந்தன. அப்போதும் நீங்கள் பதில் சொல்லாமல் கோபப்பட்டீர்கள், இப்போதும் அதேதான்.

பச்சையிலை:
மண் பரிசோதனை அட்டை என் கையில் இருக்கிறது. தழைச்சத்து முன்பைவிடக் கூடியிருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மண்வெட்டி:
மாதிரியை எங்கே எடுத்தீர்கள்? மரத்தடியிலா, கடலைப் பட்டையிலா? மரத்தடியில் இலைக்குப்பையும் நீங்கள் கொட்டிய எருவும் இருக்கும். இரண்டு மண்ணையும் ஒரே பையில் கலந்தால் அந்த எண் எதையும் காட்டாது. தனித்தனியாக, அதுவும் ஒரே ஆழத்தில் எடுத்திருக்க வேண்டும்.

பச்சையிலை:
இனி என் பையையும் சோதிப்பீர்கள் போல. மரம் காய்க்கிறது, எனக்கு அது போதும்.

உழவோட்டி:
விடுங்கள் பச்சையிலை அண்ணே, யார் எதைச் சொன்னாலும் இவருக்குத் தான் பிடித்ததுதான் சரி. எனக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.

கரிசல்:
பொட்டாஷ் பற்றி யாராவது பேசுவீர்களா, மாட்டீர்களா?

மண்வெட்டி:
மன்னிப்பெல்லாம் அப்புறம். பச்சையிலை, எரு வைப்பதை எழுத்தில் விட்டுவிட்டு "கடலை போட்டால் போதும்" என்று எப்படிச் சொன்னீர்கள்? இந்தப் போகத்துக் கொடி இப்போது எங்கே கிடக்கிறது?