ஆஷ்பர்னில் இரவெல்லாம் இரைச்சல்: முறையாக அளந்து தருபவர் யார்?

வர்ஜீனியா மாநிலம், லவுடன் கவுண்டியில் உள்ள ஆஷ்பர்னில் குடியிருக்கிறோம். சில்வர் லைன் மெட்ரோ 2022 நவம்பரில் இங்கு வரை நீண்டதால், வேலைக்குப் போய்வர வசதி என்று நம்பி வாங்கிய வீடு. இப்போது தூக்கமே போய்விட்டது.

கொல்லைப்புறத்திலிருந்து சுமார் 300 மீட்டரில் ஒரு டேட்டா சென்டர். மார்ச் முதல் அதன் குளிரூட்டும் விசிறிகள் ஓயாமல் ஓடுகின்றன. காதில் விழுவதைவிட உடம்பில் உணர்வதே அதிகம். ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்தால் அதிர்வு தெரிகிறது. நள்ளிரவில் விழித்துக்கொள்ளும் மூன்று வயது மகள், "லாரி இன்னும் போகவில்லையா?" என்று கேட்கிறாள்.

ஜன்னல் இடுக்குகளை அடைத்தோம், கனத்த திரை போட்டோம், படுக்கையை முன்னறைக்கு மாற்றினோம். பலனில்லை. புகார் கொடுத்தபின் பகலில் ஒருமுறை வந்து அளந்து, 52 டெசிபல், வரம்புக்குள்தான் என்று சொல்லிவிட்டார்கள். அது ஏ-வெயிட்டிங் அளவு. அந்த முறையில் தாழ்ந்த அதிர்வெண் ஒலி குறைவாகவே பதிவாகும். எங்களை வதைப்பதோ அந்த ஒலிதான்.

தாழ்ந்த அதிர்வெண் ஒலியையும் அதிகம் குறைக்காமல் பதிவு செய்யும் சி-வெயிட்டிங் முறையில் இரவு முழுவதும் அளந்து, எழுத்துமூலம் அறிக்கை தரும் ஒலியியல் பொறியாளரை இந்தப் பகுதியில் உங்களில் யாராவது அமர்த்தியிருக்கிறீர்களா?