ஹோலோடைப்: முழுவகையா, தாய்ச்சான்றா, மூலச்சான்றா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கொங்குநாட்டு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டின் செடிகொடிக் கையேட்டுச் சொற்பட்டியலில் ஹோலோடைப்புக்கு, அதாவது புதுச் சிற்றினத்துக்குப் பெயர் வைப்பவர் சான்றாகச் சுட்டும் ஒரே உலர்செடித் தாளுக்கு, ‘முழுவகை’ என்று இருக்கிறது. எடுத்துவிடலாம். ‘வகை’ என்றதும் படிப்பவர் ரகம் என்று எடுத்துக்கொள்வார். ‘மாதிரி’ என்று போட்டாலோ, அந்த இனத்தின் சராசரிச் செடி என்று நினைப்பார். டைப் இந்த இரண்டுமே இல்லை. புதுச் சிற்றினத்துக்கு வைக்கும் பெயர் எதைக் குறிக்கிறது என்று கேட்டால் கைநீட்டிக் காட்டும் உலர்செடி அது. பூச்சி அரித்த கிளையாக இருந்தாலும் பெயர் அதோடுதான் ஒட்டியிருக்கும்.

நம் வேலமரத்தையே பாருங்கள். அக்கேசியா என்ற பேரினப் பெயர் கருவேலத்தைச் சான்றாகக் கொண்டிருந்தது. 2005இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் அந்த இடம் ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்குப் போனது. 2011இல் மெல்போர்னில் உறுதியானது. பேரினத்தைப் பிரித்ததும் அக்கேசியா என்ற பெயர் அந்தப் பக்கம் போய்விட்டது. காங்கேயம், மூலனூர்ப் பக்கம் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே நிற்கிற வெள்வேல் இப்போது வச்செல்லியா என்ற வேறு பேரினம். மரத்தில் ஒரு முள்கூட மாறவில்லை.

ஆகவே டைப்புக்குப் ‘பெயர்ச்சான்று’ என்றும், ஹோலோடைப்புக்குத் ‘தாய்ச்சான்று’ என்றும் வைக்கலாம். நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரம் கேட்கிறோம், அதே வேலைதான் இதற்கும். ஐசோடைப்புக்கு ‘உடன்சான்று’. அது நகல் இல்லை. அதே சேகரிப்பில் கூடவே எடுத்த இன்னொரு தாள்.

– கோவையிலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

பெயர்ச்சான்று, உடன்சான்று இரண்டும் சரி. ‘தாய்ச்சான்று’ மட்டும் உறுத்துகிறது. நாற்றுப்பண்ணையில் தாய்ச்செடி என்றால் ஒட்டுக்குக் குச்சி வெட்டும் செடி. மற்ற தாள்கள் இதிலிருந்து பிறந்தவை என்ற எண்ணம் வந்துவிடும். அதே பத்திரத்தை மூலப்பத்திரம் என்றும் சொல்கிறோமே, ‘மூலச்சான்று’ என்று வைத்தால் என்ன?

உடன்சான்றுக்கு விளக்கம் கண்டிப்பாக வேண்டும். களத்தில் பிழை நடப்பது இங்கேதான். ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்தால்தான் ஒரே சேகரிப்பு. மழைக்குப் பின் பூவோடு நாலைந்து தாளுக்கு எடுக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதே செடியில் காய் பறித்து, பழைய எண்ணையே போட்டுவிடுகிறார்கள். செடி ஒன்றானாலும் அது வேறு சேகரிப்பு, வேறு எண் வேண்டும். பூத்தாள், காய்த்தாள் இரண்டையும் சேர்த்து மூலச்சான்று என்று அச்சிட்டால் அந்தப் பெயரே செல்லாது. காய்த்தாளைத் துணைச்சான்றாக, அதாவது மூலச்சான்றோடு கூடக் குறிப்பிடும் வேறு சேகரிப்பாக (பாராடைப்) காட்டினால் போதும்.

கல்லிமுளையானுக்குத் தனிக்குறிப்பு சேருங்கள். அதன் சதைத்தண்டு அழுத்துபலகைக்குள்ளும் சாகாது. நாள்கணக்கில் உயிரோடிருந்து பூ உதிர்ந்து, பூஞ்சை பிடிக்கும். தண்டைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து அழுத்தி, முதல் வாரம் தினமும் தாள் மாற்ற வேண்டும். பூவை அழுத்தினால் உள்வட்டத்தின் அமைப்பு நசுங்கிவிடும், இனம் பிரிப்பதே அதை வைத்துத்தான். 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, தாளில் உள்ள அதே எண்ணைப் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே இடுங்கள். வெளியே ஒட்டிய சீட்டு கழன்றால் அது எந்தச் செடியின் பூ என்று யாராலும் சொல்ல முடியாது.

– தாராபுரத்திலிருந்து

* * *

தாய்ச்செடிக் குழப்பம் வரும் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. மூலச்சான்று என்றே இருக்கட்டும்.

லெக்டோடைப்புக்குத் ‘தெரிசான்று’: பழைய ஆசிரியர் பல தாள்களைப் பார்த்து எழுதி, மூலச்சான்று எதுவென்று சொல்லாமல் விட்டிருந்தால், பின்வருபவர் அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுப்பது. அந்தத் தாள்களில் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் ‘புதுச்சான்று’, அதாவது நியோடைப். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

விதியையும் பதிவின் அடியில் தருவோம்: 1958 ஜனவரி 1 முதல் பெயர்ச்சான்றைச் சுட்டாத புதுச் சிற்றினப் பெயர் செல்லாது, 1990 ஜனவரி 1 முதல் அது எந்த உலர்தாவரகத்தில் (உலர்செடித் தாள்களைக் காக்கும் இடம்) இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் செடிக்குச் சீட்டில், எம்.எச். என்ற மெட்ராஸ் உலர்தாவரகத்தின் குறியோடு, இப்படி வரும்: ‘மூலச்சான்று: எம்.எச்., கோயம்புத்தூர், உடன்சான்று: எம்.எச்.’ சேகரிப்பு எண் இரண்டிலும் ஒன்றே.

– கோவையிலிருந்து