லெய்ட்டன் இல்லத்துச் சுவர் ஓடுகளும் நம் ஊர் முகப்புகளும்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் தம்பி தங்கையருக்கும் வணக்கம்.

செட்டிநாட்டில் நம் ஊரின் வடக்குத் தெருவில் நெடுநாளாகப் பூட்டிக் கிடக்கும் வளவு (பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு) ஒன்றுக்கு விலை பேசப்படுவதாகவும், முகப்புச் சுவரில் பதித்துள்ள ஜப்பான் பீங்கான் ஓடுகளுக்கு மட்டும் ஒருவர் தனியே விலை கேட்டுப் போனதாகவும் போன மாதம் இக்குழுவில் வந்த மடலைப் படித்ததிலிருந்து அந்த ஓடுகள் என் நினைவை விட்டு அகலவில்லை. அந்த நினைவோடுதான் சென்ற சனிக்கிழமை மேற்கு லண்டனில் ஹாலந்து பூங்காவுக்கு அருகிலுள்ள லெய்ட்டன் இல்லத்திற்குக் குடும்பத்துடன் சென்றேன். இந்நகருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அந்த வீட்டுக்குள் கால் வைத்தது அன்றுதான். கண்டவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

ஃபிரெடரிக் லெய்ட்டன் 1830இல் பிறந்த ஆங்கிலேய ஓவியர். 1878 முதல் இறக்கும்வரை ராயல் அகாடமி என்னும் கலைக் கழகத்தின் தலைவராக இருந்தவர். ஜார்ஜ் எய்ட்சிசன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு 1860களின் நடுவில் இந்த வீட்டைக் கட்டத் தொடங்கிய அவர், அடுத்த முப்பது ஆண்டுகளும் ஒரு பகுதியை இடித்து ஒன்றைச் சேர்த்து, மறுபடி ஒன்றை நீட்டி, வாழ்நாள் முழுவதும் அதைக் கட்டிக்கொண்டே இருந்தார். மணம் செய்துகொள்ளாதவர். ஓவியக் கூடமும் வரவேற்பு அறைகளும் அவ்வளவு பெரியனவாக இருக்க, அவர் தமக்கென்று வைத்துக்கொண்டது எளிமையான ஒரே ஒரு படுக்கையறைதான். நம் ஊரில் எண்பது ஜன்னல் வைத்த வீட்டைக் கட்டிவிட்டு, பட்டாலையின் ஓரத்தில் ஒரு பாயை விரித்துப் படுத்துக்கொண்ட ஐயாக்களை அறிந்த நமக்கு அது வியப்பாக இராது.

தெருவிலிருந்து பார்த்தால் அது ஒரு செங்கல் வீடு, அவ்வளவுதான். உள்ளே நுழைந்து சிறிய நடையைக் கடந்ததும் நார்சிசஸ் கூடம் என்று பெயரிட்ட பகுதி வருகிறது. அதன் சுவர்கள் முழுவதும் மயில் கழுத்தின் நிறத்தில், ஓவியமோ கோலமோ ஏதும் இல்லாத ஓடுகள். இவற்றைச் செய்தவர் வில்லியம் டி மார்கன் என்னும் ஆங்கிலேயக் கலைஞர். ஒவ்வோர் ஓட்டிலும் நீலம் சற்றே ஏறியோ இறங்கியோ இருப்பதால், சுவரைப் பார்க்கும்போது ஆழமான ஊருணித் தண்ணீரைக் குனிந்து பார்ப்பது போன்ற ஓர் உணர்வு உண்டாகிறது. வெளிச்சம் அங்கே வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த அரையிருளில் கண் பழகிய பிறகுதான் அடுத்ததாக அரபு மண்டபம் திறக்கிறது.

அந்த மண்டபத்தின் கட்டுமானம் 1877இல் தொடங்கியது. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் 12ஆம் நூற்றாண்டில் நார்மன் அரசர்கள் கட்டிய லா ஸீஸா என்னும் மாளிகையின் மண்டபத்தை மாதிரியாகக் கொண்டு எய்ட்சிசன் இதை அமைத்தார். மேலே பொன்னிறக் குவிமாடம். நடுத் தளத்தில் கறுப்புப் பளிங்கை ஒரே கல்லாகக் குடைந்த நீர்த்தொட்டி. அதில் மெல்ல விழும் நீரின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. சுவரின் மேற்பகுதியைச் சுற்றி வால்ட்டர் கிரேன் வரைந்து கொடுத்த பொன்னிற மொசைக் பட்டை ஓடுகிறது. இவற்றையெல்லாம் நான் விரைந்து பார்த்து முடித்தேன். வந்த காரணம் அவற்றுக்குக் கீழே, கண் மட்டத்தில் இருந்தது.

சுவரில் பதித்துள்ள ஓடுகளில் பெரும்பாலானவை சிரியாவின் டமாஸ்கஸ் நகரில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்யப்பட்டவை. துருக்கியின் இஸ்னிக் நகரத்து ஓடுகள் சிலவும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. இஸ்னிக் ஓடுகளில் தக்காளிப் பழத்தின் சிவப்பு, விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குச் சற்று மேடாக நிற்கும். டமாஸ்கஸ் குயவர்களிடம் அந்தச் சிவப்பு இல்லை. அவர்கள் கோபால்ட்டிலிருந்து நீலமும், செம்பிலிருந்து பச்சை கலந்த நீலமும், மாங்கனீஸிலிருந்து கத்தரிப்பூ நிறமும் எடுத்தார்கள். இளம்பச்சை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். வெறும் களிமண்ணால் அல்லாமல், பொடித்த படிகக் கல்லை முதன்மையாகக் கொண்டு ஓட்டின் உடலைச் செய்து, அதன்மேல் வெண்பூச்சு இட்டு, தூரிகையால் வரைந்து, எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற மெருகை ஊற்றிச் சூளையில் சுட்டார்கள். அதனால்தான் நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நீலம், நேற்று வரைந்து தண்ணீருக்கு அடியில் வைத்தது போல இருக்கிறது.

என் மகள் ஒரே கொடியில் பூத்த இரண்டு துலிப் மலர்களைக் காட்டி, இரண்டும் ஒன்றுபோல இல்லையே என்றாள். அவள் சொன்னது சரி. நம் முகப்புகளில் உள்ள ஜப்பான் ஓடுகள் அச்சில் அழுத்தி எடுத்தவை. பூவின் மேடு பள்ளங்களில் நிறமெருகு தேங்கி நிற்பதுதான் அவற்றின் அழகு. ஒரு ரோஜாவைப் போலவே அடுத்த ரோஜாவும் இருக்கும். நம் தளத்துக்கு வந்த ஆத்தங்குடிக் கல்லோ சுடப்படுவதே இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, கட்டங்களில் நிறக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தி எடுப்பது. அதன் பளபளப்பு கண்ணாடியிடமிருந்து வாங்கியது. டமாஸ்கஸ் ஓட்டில் இருப்பதோ ஒருவருடைய கை. தூரிகை எங்கே நின்றது, எங்கே அவசரப்பட்டது என்பதுவரை தெரிகிறது. மூன்று வகைகளையும் ஒரே மூச்சில் மகளுக்கு விளக்க முடிந்தபோது, சிறு வயதில் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து அந்த ரோஜாக்களை விரலால் தடவிக்கொண்டிருந்த மாலைகள் வீண்போகவில்லை என்று எனக்கு நிறைவாக இருந்தது.

நெருங்கிப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். சுவர் முழுமையாகத் தோன்றினாலும் அது ஒரே சுவருக்கெனச் செய்த ஓடுகள் அல்ல. பல இடங்களிலிருந்து வந்த துண்டுகளையும் கரைப்பட்டைகளையும் பொருத்தமாக அடுக்கி, உடைந்தும் குறைந்தும் போன இடங்களுக்குப் புதிய ஓடுகளைச் செய்து நிரப்பிக் கொடுத்தவர் அதே டி மார்கன்தான். அவர் செய்தது எது, பழையது எது என்று கண்டுபிடிக்க நான் வெகுநேரம் முயன்றும் இரண்டோர் இடங்களில்தான் துணிந்து சொல்ல முடிந்தது. நுழைவாயிலுக்கு மேலே குர்ஆனின் வசனங்கள் எழுதிய நீண்ட ஓட்டுப் பட்டை இருக்கிறது. வேறொரு பகுதியில் பறவைகள் வரைந்த ஓடுகள் சில உள்ளன. அவற்றின் கழுத்தில் மட்டும் மெருகு சுரண்டப்பட்டிருக்கிறது. உயிருள்ளவற்றின் உருவம் ஆகாது என்று எண்ணிய ஒருவர், அவற்றை உயிரற்றவையாக்கும் பொருட்டு அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. அந்தக் கீறலுக்கு முன்னால்தான் நான் மிகுந்த நேரம் நின்றேன். அந்த ஓடு ஒரு வீட்டில் இருந்தது, அந்த வீட்டில் மனிதர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அதைப் பற்றி ஓர் எண்ணம் இருந்தது என்பதற்கு அந்த மண்டபத்தில் நான் கண்ட ஒரே சாட்சி அது.

இவை லண்டனுக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். லெய்ட்டன் 1867இல் துருக்கிக்கும், 1868இல் எகிப்துக்கும், 1873இல் டமாஸ்கஸுக்கும் சென்றார். தாம் நேரில் வாங்கியது போக, நண்பர்களிடமும் சொல்லி வைத்தார். தென்கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்குப் பொருள்கள் வாங்கச் சென்ற காஸ்பர் பர்டன் கிளார்க் அவருக்காகவும் ஓடுகள் வாங்கி அனுப்பினார். 1869 முதல் 1871 வரை டமாஸ்கஸில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்த ரிச்சர்ட் பர்ட்டனும் தேடிக் கொடுத்தவர்களில் ஒருவர். பர்ட்டன் லெய்ட்டனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், உங்களுக்காக ஒரு வீட்டை இடிக்கச் செய்யவும் நான் தயார்தான், ஆனால் ஓடுகள் உள்ள வீடு அகப்படுவதுதான் கடினமாக இருக்கிறது, பழம்பொருள் வியாபாரிகள் அவற்றின் மதிப்பைத் தெரிந்துகொண்டு விலையை ஏற்றிவிட்டார்கள் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார்.

இந்தச் செய்தியை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் அந்த மண்டபத்தில் நின்றபடி நினைத்தபோது அது வேறாக இருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பழைய வீடுகளிலிருந்து பெயர்த்து அடுக்கியிருக்கும் தேக்கு நிலைகளையும் தூண்களையும் எனாமல் பாத்திரங்களையும் பீங்கான் ஓடுகளையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். லெய்ட்டன் அந்த ஓடுகளை உயிராக நேசித்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் வாங்காமல் போயிருந்தால் அவற்றில் பல உடைந்து மண்ணோடு போயிருக்கவும் கூடும். இருந்தாலும் அவை எந்தத் தெருவில், யாருடைய வீட்டில், எந்தச் சுவரில் இருந்தன என்பது அங்கே எந்தக் குறிப்பிலும் என் கண்ணில் படவில்லை. நகரமும் நூற்றாண்டும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. குடும்பத்தின் பெயர் போய்விட்டது.

லெய்ட்டன் 1896 ஜனவரி 25ஆம் நாள் இறந்தார். அதே ஆண்டில் அவர் சேர்த்து வைத்திருந்த ஓவியங்கள், கம்பளங்கள், பீங்கான் கலங்கள் எல்லாம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்கப்பட்டுத் திசைக்கொன்றாகப் போயின. சுவரில் பதித்திருந்த ஓடுகள் மட்டும் வீட்டோடு நின்றன. இரண்டாம் உலகப் போரில் குண்டுகளால் வீடு சேதமடைந்தும் அவை தப்பின. இன்று கென்சிங்டன் அண்ட் செல்சி நகராட்சியின் பொறுப்பில் உள்ள அந்த வீடு, பெரிய சீரமைப்புக்குப் பின் 2022 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. புதிய பகுதியின் சுழல்படிச் சுவரில் ஈரானிய ஓவியர் ஷார்ஸாத் கஃபாரி அந்த ஓடுகளின் நீலத்தையே எடுத்து வரைந்திருக்கிறார். ஓடு சுவரில் இருந்ததால்தான் இவ்வளவும் அதைச் சுற்றி மறுபடி வந்து சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. பெயர்த்து வைத்த ஓட்டுக்கு ஒரு விலை உண்டு. சுவரில் இருக்கும் ஓட்டுக்கு ஒரு வீடு உண்டு.

வடக்குத் தெரு வீட்டுப் பங்காளிகளின் நெருக்கடியை நான் அறியாதவன் அல்லேன். நாற்பது புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பாத்தியப்பட்டு, ஐந்து நாடுகளில் சிதறிய ஒரு வீட்டை யார் கூட்டிப் பெருக்குவது, மழைக்கு முன் மேலோட்டை யார் மாற்றுவது என்னும் கேள்விக்கு என்னிடமும் விடை இல்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருப்பது பெருமைதான் என்றாலும், பட்டியல் வந்து ஒழுகும் கூரையை அடைத்துவிடாது. ஆகவே விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. விற்பதாக இருந்தாலும் ஓடுகளைத் தனியே பெயர்த்து விற்காமல் சுவரோடு, வீட்டோடு கைமாறும்படி பேசுங்கள் என்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கும் முன்பாக, ஒவ்வொரு வளவின் முகப்பையும் முறையாகப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். சுவர் முழுவதும் தெரியும்படி ஒன்று, ஓட்டின் வகை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று, கரைப்பட்டை மூலையில் திரும்பும் இடம் ஒன்று என எடுத்து, வீட்டு விலாசம், தெரு, கட்டிய காலம், கட்டிய ஐயா கொண்டுவிக்க (வணிகம் செய்ய) சென்ற ஊர் ஆகியவற்றைத் தெரிந்தவரை எழுதிச் சேர்த்தால் போதும். கட்டிய காலத்தை அறிந்த ஆச்சிமார் ஊரில் இன்னும் மூவரோ நால்வரோதான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பதைத் தள்ளிப்போட வேண்டாம். தானாக விழுந்த ஓடு ஏதேனும் இருந்தால் அதன் பின்புறத்தையும் படம் எடுங்கள். எங்கள் வீட்டில் விழுந்த ஓர் ஓட்டின் பின்னால், சுண்ணாம்பைத் துடைத்த பிறகு, ஜப்பானில் செய்தது என்னும் ஆங்கில எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும்.

தை மாதம் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு நான் ஊருக்கு வருகிறேன். எங்கள் முகப்பின் இடப்பக்கச் சுவரிலிருந்து தொடங்கி, கீழத் தெருவில் அனுமதி தரும் வீடுகள் வரை ஒரு வாரத்தில் முடிக்க எண்ணம். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் அந்தந்த வீட்டுப் பங்காளிகள் மார்கழிக்குள் எனக்கு எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அன்புடன்,
லண்டனிலிருந்து உங்கள் தம்பி